வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னியை இறக்கி ஏற்றுவது எப்படி?

கேட்டவர் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கைமாற்றி வாங்கியிருக்கிறார். கரடுமுரடான பாதையில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் முதலில் இறங்கவே இல்லை, அப்புறம் திடீரென்று இறங்கியது. பஞ்சரான சக்கரத்தை அதே இடத்தில் ஏற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினார். சிறிது தூரத்திலேயே அடியில் ‘டங் டங்’ என்று சத்தம். எந்தப் பக்கம் சுற்றுவது, எவ்வளவு இறுக்குவது, அடுத்த முறை பேட்டரி டிரில் போட்டுச் சுற்றலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு வரி பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: வேண்டிய நேரத்தில் ஸ்டெப்னி இறங்குமா, வேண்டாத நேரத்தில் விழாமல் இருக்குமா? பட்டறையிலும் காட்டுப் பாதையிலும் பல வருஷமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். அடியில் இருக்கும் அந்தச் சின்ன வின்ச், அதாவது சக்கரத்தைத் தூக்கி இறக்கும் கருவி, எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் தானாகவே புரியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், லேண்ட் குரூசர் 200 போன்ற வண்டிகளில் பின்பக்கம் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு சங்கிலி அல்லது கம்பி வடம் கீழே வரும். அதன் நுனியில் ஒரு தகடு. அந்தத் தகடு ரிம்மின் நடு ஓட்டைக்குள் சாய்வாக நுழைந்து, அடுத்த பக்கம் போனதும் மட்டமாகத் திரும்பி, சக்கரத்தைத் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்குள் இருப்பது வார்ம் கியர், அதாவது மரை வெட்டிய ஒரு தண்டும் அதோடு கோத்த ஒரு பல்சக்கரமும். தண்டைச் சுற்றினால் பல்சக்கரம் சுற்றும். பல்சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் தண்டு அசையாது. அதனால்தான் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தாலும் சக்கரம் பாதி வழியில் அப்படியே நிற்கிறது. எத்தனையோ சுற்று சுற்றியும் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது என்று அலுத்துக்கொள்வதற்கும் இதே கியர்தான் காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வார்ம் கியர் பின்னோக்கிச் சுற்றாது என்பது வண்டி நிற்கும்போது சரி. தொடர்ந்து அதிர்வு இருந்தால் அது மெல்ல மெல்ல நழுவக்கூடும். கரடுமுரடான பாதையில் அடிப்பக்கம் வேறு என்ன இருக்கிறது, அதிர்வைத் தவிர? சங்கிலிதான் சக்கரத்தைத் தூக்கி வைத்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதை நம்பி வடிவமைத்தது அல்ல இது. சங்கிலி சக்கரத்தை மேலே இழுத்துச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுந்தி நின்றால் சக்கரமும் சேசிஸும் ஒன்றாக அசையும், சங்கிலிக்குத் தனியாக அடி விழாது. ஒரு விரல்கடை இடைவெளி விட்டுவிட்டாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் எம்பி விழும். இந்த வகை வண்டிகளின் சக்கரம், டயரும் ரிம்முமாகச் சேர்த்து, சுமார் 30 முதல் 45 கிலோ வரை இருக்கும். அந்த எடை திரும்பத் திரும்பச் சங்கிலியை வெட்டி இழுத்தால் முதலில் சத்தம் கேட்கும், பிறகு சங்கிலி தளரும், கடைசியில் சக்கரம் ரோட்டில் கிடக்கும். பின்னால் வருபவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது அவர் கேட்ட சத்தத்துக்கு வருவோம். வண்டியைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் அவர் ஏற்றியது காற்றுப் போன டயர் என்பதால் ஒரு காரணத்தின் மீது எனக்குச் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் சேசிஸில் உள்ள தாங்கிகள் முட்டுவது டயரின் ரப்பரில். ரிம்மில் அல்ல. காற்று நிறைந்த டயர் கெட்டியாக எதிர்த்து நிற்கும், இறுக்கம் அப்படியே இருக்கும். காற்றில்லாத டயரின் பக்கச் சுவர் தொளதொளவென்று இருக்கும். நீங்கள் இறுக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். நாலு பள்ளம் தாண்டியதும் ரப்பர் இன்னும் கொஞ்சம் மடங்கி உட்கார்ந்துவிடும். அந்த அளவுக்குச் சங்கிலி தளர்ந்துவிடும். ஆகவே பஞ்சரான சக்கரத்தை அடியில் ஏற்றினால், டயர் காற்றைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கும் என்றால் ஏற்றுவதற்கு முன் காற்று அடித்துவிடுங்கள். பக்கவாட்டில் கிழிந்து காற்றே நிற்காத டயர் என்றால், இடம் இருந்தால் வண்டிக்குள்ளேயே போட்டுக் கட்டிவிடுவது நல்லது. வேறு வழியில்லாமல் அடியில்தான் ஏற்றினீர்கள் என்றால், கிளம்பி சில கிலோமீட்டரிலேயே இறங்கிப் பார்த்து மறுபடி இறுக்குங்கள். அடுத்து நிற்கும் இடங்களிலும் பாருங்கள்.

சரி, இறக்குவது. ஜாக்கி போடுவதற்கு முன்னால் ஸ்டெப்னியை இறக்கிவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஜாக்கியில் நிற்கிற வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஹேண்டிலை ஆட்டுவதும், அடியில் கையை விட்டுச் சக்கரத்தை இழுப்பதும் ஆளைக் கொல்லும் வேலை. முதலில் ஹேண்ட்பிரேக், கியர், அப்புறம் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ. கட்டை எதற்கு, ஹேண்ட்பிரேக்தான் இருக்கிறதே என்று கேட்பார்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸின் (என்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் உள்ள தண்டை. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி) வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுழல முடியும். ஹேண்ட்பிரேக் போட்டபடியே வண்டி உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பார்க்கிங் நிலை வண்டியைப் பிடிக்காது. இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பதைவிடக் கட்டை வைப்பது சுலபம்.

ஹேண்டில் பொதுவாக இரண்டு மூன்று துண்டாக இருக்கும். ஜாக்கியோடு சேர்த்துப் பின்சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ வைத்திருப்பார்கள். துண்டுகளைச் சரியாகக் கோக்காவிட்டால் நடுவில் கழன்றுவரும். பின் பம்பரில் ஒரு ஓட்டை இருக்கும், சிலவற்றில் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில். அதன் வழியாகக் கம்பியை உள்ளே விட்டால் வின்ச்சின் வாய் தட்டுப்படும். இருட்டில் இதைத் தேடுவது எரிச்சலான வேலை. கம்பியை வேகமாகக் குத்தாமல், மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் ஒரு இடத்தில் ‘டக்’ என்று உட்காரும். பிறகு லேசாகத் திருப்பினால் எதிர்ப்பு தெரியும். அந்த எதிர்ப்பு இல்லை என்றால் கம்பி கோக்கவில்லை. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 4 வண்டிகளில் வின்ச்சின் வாய் பின்பக்கச் சரக்குத் தளத்தில், ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. மூட்டை முடிச்செல்லாம் ஏற்றிய பிறகு பஞ்சரானால் எல்லாவற்றையும் இறக்கி ரோட்டில் வைத்துவிட்டுத்தான் ஸ்டெப்னியைப் பற்றி யோசிக்கவே முடியும். பயணத்துக்குச் சாமான் அடுக்கும்போதே அந்த மூடிக்கு மேல் சுலபமாக நகர்த்தக்கூடியதை வையுங்கள்.

பின்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் இடப்புறமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இறங்கும். வலப்புறம் சுற்றினால் ஏறும். விதிவிலக்கு இருக்கலாம் என்பதால், சந்தேகம் வந்தால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள், சங்கிலி தளர்கிறதா இறுகுகிறதா என்று. இறக்குவதற்கு முன் இன்னொரு காரியம்: மொபைலை அடியில் நீட்டி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிம்மின் எந்த முகம் கீழே பார்க்கிறது, வால்வு எந்தப் பக்கம், தகடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். இது வண்டிக்கு வண்டி மாறும், ரிம்முக்கு ரிம்மும் மாறும். எல்லா வண்டிக்கும் பொதுவாக ‘வெளிமுகம் மேலே’ என்றோ ‘கீழே’ என்றோ யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுதான் கணக்கு.

சக்கரம் தரையைத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். தகட்டைச் சாய்த்து ஓட்டை வழியாக வெளியே எடுக்கக் கொஞ்சம் தளர்வு வேண்டும். ஆகவே இன்னும் சில சுற்று. அதற்காகச் சுற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. சில வகை வின்ச்சில் சங்கிலி முழுவதும் வெளியே வந்த பிறகும் அதே பக்கம் சுற்றினால், உள்ளே எதிர்ப்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு சிக்கிவிடும். பிறகு சக்கரத்தைப் பின்பக்கமாக இழுத்து வெளியே எடுங்கள். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே ஓடும், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அது கொதித்துக்கொண்டிருக்கும். கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சூட்டைவிட முக்கியமாக, பழைய கம்பி வடத்தில் இழைகள் அறுந்து ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

மணலிலோ சேற்றிலோ புதைந்த வண்டியில், அதுவும் பின் டயரே பஞ்சர் என்றால், ஸ்டெப்னிக்கும் தரைக்கும் இடையில் இடமே இருக்காது. சக்கரம் தரையில் உட்கார்ந்துவிடும், ஆனால் தகட்டைக் கழற்றும் அளவுக்குக் கை நுழையாது. அப்போது ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுத்து எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்பக்கம் மணலைத் தோண்டி ஒரு பாதை போடுங்கள். நேரமாகும், ஆனாலும் அதுதான் வழி. சரிவில் நிற்கிறீர்கள் என்றால், வெளியே எடுத்த சக்கரத்தை நிமிர்த்தி வைக்காமல் படுக்கப் போடுங்கள். உருள ஆரம்பித்த சக்கரத்தைக் குறுக்கே நின்று பிடிக்க முயற்சி செய்யாதீர்கள்.

வெளியே எடுத்த ஸ்டெப்னியை, ஜாக்கி போடும் இடத்துக்குப் பக்கத்தில் சேசிஸ் சட்டத்துக்கு அடியில் படுக்கத் தள்ளிவிடுவது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். ஜாக்கி நழுவினாலும் வண்டி தரையில் விழாமல் சக்கரத்தின் மேல் விழும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே இழுத்து மாட்டுங்கள். கழற்றி மாட்டுவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: நட்டுகளைக் குறுக்குநேராக இறுக்கி, சுமார் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஏற்றுவதில்தான் அவசரம் காட்டுகிறார்கள். வேலை முடிந்தது, கிளம்பினால் போதும் என்ற மனநிலை. சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, நடு ஓட்டை வின்ச்சுக்கு நேர் கீழே வருமாறு தள்ளுங்கள். தகட்டைச் சாய்த்து ஓட்டைக்குள் விட்டு, அடுத்த பக்கத்தில் அது மட்டமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலியில் முறுக்கு இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். சங்கிலி நிமிர்ந்து விறைப்பாகும். சக்கரம் தரையை விட்டு இன்னும் எழுந்திருக்காது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். குனிந்து பாருங்கள். தகடு ஓட்டையின் நடுவில், சுற்றிலும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும். ஒரு ஓரம் ரிம்மின் விளிம்பில் ஏறிக்கொண்டு நின்றால், அப்போதைக்குச் சக்கரத்தைத் தூக்கிவிடும். நீங்களும் இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். முதல் பெரிய பள்ளத்தில் தகடு சறுக்கித் தன் இடத்தில் விழும், அந்த நொடியே இறுக்கமெல்லாம் போய்விடும். அடியில் வரும் சத்தத்துக்கு நான் சந்தேகப்படும் இரண்டாவது காரணம் இதுதான்.

சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழுந்ததும் மறுபடி நிறுத்திக் காலால் லேசாக ஆட்டிவிடுங்கள். கோணலாக இருந்தால் சமநிலைக்கு வரும். டயரின் மேல்பக்கத்திலும் தாங்கிகளிலும் ஒட்டியிருக்கும் சேற்றைத் தட்டிவிடுங்கள். காய்ந்த மண்கட்டி நடுவில் மாட்டிக்கொண்டால் அதுவும் காற்றில்லாத டயர் செய்த அதே வேலையைத்தான் செய்யும்: இப்போது கெட்டியாக இருக்கும், நொறுங்கியதும் தளர்ந்துவிடும். பிறகு மேலே வரை ஏற்றுங்கள். தாங்கிகளில் முட்டியதும் ஹேண்டில் சட்டென்று கனக்கும். அதற்குப் பிறகும் கையால் அழுத்தமாகச் சுற்ற முடிகிற வரை சுற்ற வேண்டும். சில வண்டிகளில் வின்ச்சுக்குள் ஒரு நழுவும் கிளட்ச் உண்டு. முழு இறுக்கம் வந்ததும் ‘கிளிக் கிளிக்’ என்று கேட்கும் அல்லது ஹேண்டில் துள்ளும். அப்படிப்பட்டவற்றில் இரண்டு மூன்று கிளிக் கேட்டால் போதும். எல்லா வண்டியிலும் அது கிடையாது. கிளட்ச் இல்லாத வின்ச்சில் கிளிக்குக்காகக் காத்திருந்தால் பல்லை உடைப்பீர்கள். ஹேண்டிலுக்கு மேல் குழாய் சொருகி நீளத்தைக் கூட்டி இறுக்குவது எந்த வண்டிக்கும் ஆகாது.

முடித்ததும் சோதனை. சக்கரத்தின் ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், பக்கவாட்டில் ஒரு உதை விடுங்கள். வண்டியே அசைய வேண்டும், சக்கரம் தனியாக அசையக் கூடாது. அசைந்தால் இன்னும் இறுக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். கீழே இறக்கி முதலிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் தகடு உட்கார்ந்த விதத்தில்தான் இருக்கும்.

அவருக்கு முதலில் இறங்காமல் பிறகு திடீரென்று இறங்கியதே, அதைப் பார்ப்போம். ஹேண்டில் அப்போது இலகுவாகச் சுற்றியதா, இறுக்கமாக இருந்ததா என்று அவர் எழுதவில்லை. காரணம் அதைப் பொறுத்துத்தான் மாறும். ஹேண்டிலே சுற்ற மறுத்தது என்றால் வின்ச்சுக்குள் துரு. துருவைக் கரைக்கும் எண்ணெயைத் தண்டின் வாயிலும் பெட்டியின் இடுக்கிலும் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் பலம் காட்டினால் கம்பி நுழையும் சதுர வாய் தேய்ந்து உருண்டையாகிவிடும். ஹேண்டில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, சங்கிலி அசையவே இல்லை என்றால் கம்பி கோக்கவில்லை, அல்லது உள்ளே பல் போய்விட்டது.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது: ஹேண்டில் சுற்றுகிறது, சங்கிலியும் தளர்கிறது, ஆனால் சக்கரம் சேற்றாலோ துருவாலோ மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவருக்கு நடந்தது அநேகமாக இதுதான். இப்போது சக்கரத்தை எதுவுமே பிடித்திருக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் விழும். குனிந்து கையால் இழுப்பதும் காலை உள்ளே விட்டு மிதிப்பதும் வேண்டாம். சங்கிலியை மறுபடி இறுக்கிக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி வைத்துவிட்டு, அதாவது விழுந்தாலும் ஒரு சாண் மட்டுமே விழும் என்ற நிலையில், தள்ளி நின்று நீளமான கம்பியாலோ கட்டையாலோ டயரின் ஓரத்தைத் தட்டுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் சில பிக்கப் வண்டிகளில், வடம் அறுந்தாலும் சக்கரம் விழாமல் இருக்க இரண்டாவதாக ஒரு கொக்கி உண்டு. அது சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான் தெரியும். அங்கே வழி, சக்கரத்தை மறுபடி முழுக்க மேலே ஏற்றி இறுக்கிவிட்டுப் பிறகு இறக்குவது. அப்போது பெரும்பாலும் கொக்கி விடுபடும்.

எதற்கும் மசியாவிட்டால், ஒரு ஜாக்கியை ஸ்டெப்னிக்கு அடியில் கொடுத்து லேசாகத் தூக்குங்கள். இங்கே வண்டி நாலு சக்கரத்தில்தான் நிற்க வேண்டும். ஜாக்கி தாங்குவது ஸ்டெப்னியை மட்டும். சங்கிலியில் பாரம் குறைந்ததும் அடம் பிடித்த வின்ச் பல சமயம் சுற்ற ஆரம்பித்துவிடும். கடைசி வழி, அதே ஜாக்கி ஆதரவில் சங்கிலியையோ வடத்தையோ வெட்டுவது. வெட்டினால் திரும்ப ஏற்ற வழியில்லை, பஞ்சரான சக்கரத்தை வண்டிக்குள் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

பேட்டரி டிரில் கேள்விக்கு வருகிறேன். இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டவே வேண்டாம். அதன் சுத்தியடி இந்தச் சின்ன கியர் பற்களுக்கு ஆகாது. மின்கருவி போடாதீர்கள் என்று எச்சரிக்கும் கையேடுகளும் உண்டு. சாதாரண டிரில்லை மெதுவான வேகத்தில் வைத்து, சக்கரம் இல்லாத வெறும் சங்கிலியைச் சுருட்டப் பலரும் பயன்படுத்துகிறார்கள், பெரிய கெடுதல் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இறக்கும்போது முதல் சில சுற்றும், ஏற்றும்போது கடைசிச் சில சுற்றும் கையால்தான். எல்லாத் தகவலும் அந்தச் சுற்றுகளில்தான் இருக்கிறது. கனக்கிறதா, கரகரக்கிறதா, வழுக்குகிறதா என்பதைக் கைதான் சொல்லும். டிரில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுற்றிவிடும்.

பராமரிப்பு என்று பார்த்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சும்மாவாவது இறக்கி ஏற்றுங்கள். ஆற்றையோ உப்புத் தண்ணீரையோ ஆழமான சேற்றையோ கடந்துவந்தால் அந்த வாரமே. சங்கிலியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, மெல்லிய சிலிக்கான் ஸ்ப்ரே போன்ற ஒட்டாத எண்ணெய் கொடுங்கள். சங்கிலியில் கெட்டி கிரீஸ் பூசாதீர்கள், மணலையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பி வடமாக இருந்தால் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு கை நீளத்தைக் கவனமாகப் பாருங்கள். இழை அறுந்திருந்தால், வடம் ஒரு இடத்தில் மடிந்து திரும்ப நிமிர மறுத்தால், மாற்றிவிடுங்கள். துருவைக் கரைக்கும் எண்ணெய் இறுகியதை இளக்குவதற்கு மட்டும்தான். நாள்பட வழவழப்பாக வைத்திருப்பது அதன் வேலை இல்லை. திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்டிருந்தால், சாவியை ஹேண்டில் பையிலேயே வையுங்கள். அந்தப் பூட்டுக்கும் எண்ணெய் விடுங்கள், மண்ணில் முதலில் இறுகுவது அதுதான்.

இறக்கும்போதே காற்றையும் பாருங்கள். பஞ்சரே இல்லாத டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும். ஒரு வருஷம் தொடாத ஸ்டெப்னி என்ன நிலையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையேடு அனுமதிக்கிற உச்ச அளவில் அடித்து வைத்தால், மாட்டும்போது குறைத்துக்கொள்ளலாம். மணலில் மற்ற டயர்களை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டெப்னி மாட்டினால், அதையும் அந்த அளவுக்கு இறக்க வேண்டும் என்பது அந்தப் பரபரப்பில் மறந்துபோகும். டயரின் பக்கச் சுவரில் உள்ள உற்பத்திக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கைமாற்றி வாங்கிய வண்டியில் மற்ற நாலும் புதிதாக இருக்கும், ஸ்டெப்னி மட்டும் வண்டி பிறந்த நாளிலிருந்து அப்படியே இருக்கும். டயரின் பூக்கள், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளங்கள், அழியாமல் புதிது போலத் தெரிந்தாலும் 10 ஆண்டு தாண்டியதை நான் நம்பி ஓட்ட மாட்டேன்.

அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற நாலு டயரையும் பெரிதாக மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டால், கெட்டித் தரையில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டதும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், அந்த முறுக்கெல்லாம் கியர்களில் ஏறும். சரி, ஸ்டெப்னியையும் பெரிதாக்கிவிடலாம் என்றால், அது அடியில் உள்ள இடத்தில் உட்காராமல் போகலாம். காற்றை இறக்கி நசுக்கி ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள், அதன் விளைவை மேலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தாலும் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, ஏற்றம் இறங்கும்போது பாறையில் முதலில் இடிப்பது ஸ்டெப்னியாகத்தான் இருக்கும். பெரிய டயர் போடுபவர்களும், அந்த இடத்தில் கூடுதல் டீசல் டேங்க் வைப்பவர்களும் ஸ்டெப்னியைப் பின் பம்பரில் கதவு போலத் திறக்கும் தாங்கிக்கு மாற்றிவிடுவது இதனால்தான். ராங்லர், தார் மாதிரிப் பின்கதவிலேயே ஸ்டெப்னி உள்ள வண்டிகளில் இந்த வின்ச் தொல்லை கிடையாது. ஆனால் 40 கிலோவை இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும், எடை கூடினால் கதவுக் கீலும் தளரும். கூரைமேல் வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சரிவில் வண்டி கவிழ்வதற்கு உதவுவதோடு, இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

கேட்டவருக்கு: அடுத்து வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டெப்னியைச் சமதளத்தில் முழுவதும் இறக்குங்கள். தகடு வளைந்திருக்கிறதா, சங்கிலியின் கண்ணிகளில் தேய்மானம் இருக்கிறதா, வின்ச்சைச் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தோடு ஓட்டியிருப்பதால் மூன்றில் ஒன்று அடி வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பிறகு காற்று நிறைந்த சக்கரத்தை வைத்து ஏற்றி, ஒரு மோசமான பாதையில் 20 கிலோமீட்டர் போய்வந்து ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பழி பஞ்சரான டயர் மேல். அப்போதும் தளர்ந்தால் வின்ச்சே தேய்ந்துவிட்டது. அதைப் பிரித்து ரிப்பேர் பார்க்காமல் முழுசாக மாற்றிவிடுங்கள்.